செல்போன் காமிராவை வெளியாள் இயக்க முடியுமா?



செல்போன் இல்லாத மளிகைக் கடையை இன்று காண்பது அரிது. சரக்கு லிஸ்ட் வருவது அதில். பணம் வருவதும் அதில். லாரி ரசீதைப் படம் எடுத்து அனுப்புவதும் அதில்தான். அந்தச் செல்போனில் உள்ள காமிராவை எங்கோ இருக்கும் ஒருவன் நமக்குத் தெரியாமல் இயக்க முடியுமா என்று மண்டிக்கு வரும் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். "எல்லாம் கட்டுக்கதை" என்று சிரிப்பவர்களும் உண்டு. காமிராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. உண்மை என்ன என்று பார்ப்போம்.

நம் பகுதியில் இந்த அச்சம் வளர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே, தனியார் நடத்திய உடை மாற்றும் அறையில் ரகசியக் காமிரா இருப்பதை நீராட வந்த ஒரு பெண் கண்டுபிடித்தார். அவர் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் இருவரைக் கைது செய்தனர். அது அறைக்குள் மறைத்து வைத்த காமிரா. தூரத்தில் இருந்து செல்போனுக்குள் புகுந்த வேலை அல்ல. ஆனாலும் ஓர் அறையில் நடந்த காரியம், யாத்ரீகர்களை நம்பிப் பிழைக்கும் ஊர் முழுவதற்கும் தலைக்குனிவாகி விட்டது. காமிரா விஷயத்தில் நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.

முடியும் என்பதற்குச் சான்று

இஸ்ரேல் நாட்டின் என்.எஸ்.ஓ. நிறுவனம் தயாரித்த உளவு மென்பொருள் பெகாசஸ். அது செல்போனுக்குள் புகுந்துவிட்டால் செய்திகளைப் படிக்கும். மைக்கையும் காமிராவையும் தானே இயக்கும். 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாக உலகெங்கும் சுமார் 1,400 செல்போன்கள் குறிவைக்கப்பட்டன. அழைப்பை எடுத்துப் பேச வேண்டிய அவசியம்கூட இல்லை. வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில், இதற்கு என்.எஸ்.ஓ. பொறுப்பு என்று 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இப்பிரச்சினை எழுந்து, 2021 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் சுப்ரீம் கோர்ட் குழு அமைத்தது. பரிசோதித்த 29 செல்போன்களில் 5-ல் தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் கோர்ட்டில் தெரிவிக்கப்பட்டது.

இன்னொரு சான்று. கூகுள், சாம்சங் காமிரா ஆப்களில் ஓர் ஓட்டை இருந்ததை 2019-ல் செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. காமிரா அனுமதியே வாங்காத வேறொரு ஆப், அந்த ஓட்டை வழியாகப் படமும் வீடியோவும் எடுக்க முடிந்தது. பின்னர் அப்டேட் மூலம் அதை அடைத்தார்கள்.

ஆகவே முடியும் என்பது உறுதி. ஆனால் பெகாசஸ் போன்றவை பெரும் விலை உள்ளவை. அரசு அமைப்புகளுக்கு மட்டுமே விற்பதாக அந்த நிறுவனமே கூறுகிறது. பருப்பும் மிளகாயும் விற்கும் நம்மைக் குறிவைத்து அதை ஏவ யாருக்கும் கட்டுபடியாகாது.

நம் கடைக்கு வரும் திருடன்

நம்மிடம் வருபவன் பூட்டை உடைத்து வருவதில்லை. கதவைத் தட்டுகிறான், நாமே திறந்து விடுகிறோம்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும். ஃபைல் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும். அது பத்திரிகை அல்ல, ஓர் ஆப். இதைப் பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசப் போலீசார் எச்சரித்தனர். பி.எம். கிசான் பெயரில் வந்த போலி ஆப் பற்றித் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவும் அதே ஆண்டு எச்சரித்தது. அந்த ஃபைலைத் தொட்டு நிறுவி, கேட்கும் அனுமதிக்கெல்லாம் "சரி" என்று அழுத்திவிட்டால், செல்போனின் சாவிக்கொத்தையே கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

பேங்கில் இருந்து பேசுவதாகச் சொல்லி, எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொல்வது இன்னொரு வழி. நம் திரையை அவன் அங்கிருந்தபடி பார்ப்பான். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது.

நம் முகத்தைப் பார்த்து அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியது ஓ.டி.பி.; யு.பி.ஐ. ரகசிய எண், நாம் படம் எடுத்து வைத்திருக்கும் பேங்க் பாஸ்புக், ஆதார், பற்று வரவுச் சிட்டை. ஸ்டிக்கர் காமிராவை மறைக்கும், இவற்றை மறைக்காது.

கடைக் காமிராவும் காமிராதான்

திருட்டைத் தடுக்கக் கல்லாவுக்கு மேல் சி.சி.டி.வி. வைக்கிறோம். அதைச் செல்போனில் பார்க்க இன்டர்நெட்டிலும் இணைக்கிறோம். கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை மாற்றுகிறோமா? பெரும்பாலும் இல்லை. 2016-ல் மிராய் என்ற தீய மென்பொருள், இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளைக் கொண்டே லட்சக்கணக்கான காமிராக்களையும் மற்றக் கருவிகளையும் கைப்பற்றியது. 2025 பிப்ரவரியில், குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சி.சி.டி.வி. காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் உலவியது தெரியவந்தது.

நம் செல்போன் திருடு போனால் நஷ்டம் நமக்கு. கடைக் காமிரா அந்நியன் கைக்குப் போனால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு. நம்மை நம்பி வாசல் ஏறியவர்களின் மானம் அதில் அடங்கியிருக்கிறது. தங்கும் விடுதி, துணிக்கடை நடத்துவோர் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பிளே ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் ஆப் போடாதீர்கள். தெரிந்தவர் எண்ணில் இருந்து ஏ.பி.கே. வந்தாலும் தொடாதீர்கள்; அவர் போனே அந்நியன் கையில் இருக்கலாம்.

2. செட்டிங்ஸில் காமிரா அனுமதி எந்த ஆப்களுக்கு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தேவையற்றதை நீக்குங்கள்.

3. ஆண்ட்ராய்டு 12 முதல், காமிரா இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். நீங்கள் காமிராவைத் திறக்காதபோது அது தெரிந்தால் எந்த ஆப் என்று பாருங்கள்.

4. அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஓட்டையை அடைப்பதே அதன் வேலை.

5. சி.சி.டி.வி. பாஸ்வேர்டைப் பொருத்திய அன்றே மாற்றுங்கள். பொருத்த வந்தவருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. காமிரா, கல்லாவையும் சரக்கையும் பார்த்தால் போதும்.

6. கடைப் பையன்களிடம் கொடுக்கும் செல்போனில் பேங்க் கணக்கு வேண்டாம்.

7. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிவிடும்.

கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். அந்தப் பழக்கத்தைச் செல்போனுக்கும் கடைக் காமிராவுக்கும் கொண்டுவந்தால் போதும். விழிப்போடு இருப்போம், நம் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைக் காப்போம்.