ஒப்பந்தம் மாறினால் அடுப்படியும் மாறும்: புதுச்சேரி தரும் பாடம்

திருக்குர்ஆனின் 106வது அத்தியாயம் குறைஷிகளின் குளிர்கால, கோடைகாலப் பயணங்களை நினைவூட்டுகிறது. யமனுக்கும் ஷாமுக்கும் அவர்களுடைய வணிகக் கூட்டம் அச்சமின்றிப் போய்வர, வழியிலுள்ள ஆட்சியாளர்களோடும் கோத்திரங்களோடும் செய்துகொண்ட உடன்பாடுகள் உதவின என்று விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அது நம் வீடு வந்து சேரும் வழிகளில் ஒன்று ஒப்பந்தம்.

இதை நம் புதுச்சேரியே கண்டிருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி ஒரே துண்டு நிலமாக இருக்கவில்லை. தென்னாற்காடு மாவட்டத்து ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போவதே எல்லை தாண்டுவதாக இருந்தது. 1941ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒன்றிய ஒப்பந்தம் செய்துகொண்டன. துறைமுகத்திலேயே சுங்கம் வசூலாகிவிடும். அதற்கு ஈடாக ஒரு தொகை பிரெஞ்சு நிர்வாகத்துக்குப் போகும். அதனால் உள்ளே சரக்கு தடையின்றி நடமாடியது.

சுதந்திர இந்தியா 1949ல் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கச்சாவடிகள் முளைத்தன. பஞ்சுக்கும் அரிசிக்கும் அக்கம்பக்கத்து மாவட்டங்களை நம்பியிருந்த ஊர் அது. ரோடியர் மில், சவானா மில் போன்ற ஆலைகளின் துணிக்கும் சந்தை எல்லைக்கு அப்பால்தான். நேர்மையான வியாபாரத்துக்கு வரியும் காத்திருப்பும் கூடின. மறுபுறம், துறைமுகத்தில் வரி குறைவு என்பதால் தங்கமும் கைக்கடிகாரமும் மதுவும் வந்திறங்கி, கள்ளத்தனமாக எல்லை தாண்டின. உழைத்தவன் நொந்தான், கடத்தியவன் கொழுத்தான். 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகே அந்தச் சுங்க எல்லை மறைந்தது.

இன்றும் கதை இதுதான், தூரம்தான் கூடிவிட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளும் இறால் ஏற்றுமதியாளர்களும் திணறினர். அமெரிக்க வியாபாரி ஆர்டரை நிறுத்தினால், முதலில் குறைவது ஓவர்டைம். அடுத்து வேலை நாட்கள். கடைசியில் மளிகைக் கடைக் கடன் ஏறும். அதே ஆண்டு ஜூலை 24ல் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தமோ, ஆயத்த ஆடைக்கு வரியில்லாச் சந்தைக்கு வழி வகுத்தது.

நம் குடும்பங்கள் என்ன செய்யலாம்? ஒரே நாட்டை, ஒரே வாடிக்கையாளரை மட்டும் நம்பாதிருக்கலாம். நல்ல மாதத்தில் சிறிது சேமிக்கலாம். நெருக்கடியில் வட்டிக்கும் கடத்தலுக்கும் மனம் சாயும். அங்கேதான் ஈமானுக்குச் சோதனை. ஜமாஅத்துகள் பைத்துல்மால் வழியாக வட்டியில்லாக் கடன் தந்தால், வேலையிழந்த சகோதரர் அந்தப் பக்கம் போக மாட்டார்.

ஒப்பந்தங்கள் நம் கையில் இல்லை. அமானிதமும் ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் நம் கையில் இருக்கின்றன. ஹலாலான வருவாயில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.