குறைந்த உணவும் இரத்தப் பரிசோதனையும்

1991இல் மடத்துவெளியை விட்டு இடம்பெயர்ந்த நாட்களில் நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் ஆட்கணக்கில் கிடைத்தன. உடலின் தேவையோ ஆளுக்கு ஆள் வேறு. இன்றும் கையிருப்புக் குறைந்தால் முதலில் குறைவது அம்மாவின் கோப்பைச் சோறுதான்.

அரச வைத்தியசாலையில் இலவசமாகவே ஈமோகுளோபின் பார்க்கலாம். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. அவருக்குச் சோறு மட்டும் போதாது. மீனும் பருப்பும் முருங்கையிலை வறையும் முதலில் அவருக்கே வைப்போம். தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்றாய் உடலில் சேரும். உண்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுப்போம்.

நீரிழிவுக் குளிசை எடுக்கும் அப்புவின் கதை வேறு. சோற்றைக் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே குளிசை போட்டால், சிலருக்குச் சீனி இறங்கி மயக்கம் வரும். குறைக்குமுன் இரத்தச் சீனியைப் பார்த்து வைத்தியரைக் கேளுங்கள்.