சயரோகியின் வீடும் ஆரோக்கிய நிலையமும்

நோயுற்றாரைப் பிறரினின்றும் பிரித்து வைத்தல் மனித சமுதாயத்தின் பழைய வழக்கம். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு தொழுநோயாளர்க்கு உறைவிடமாயமைந்ததும், காங்கேசன்துறையிற் சயரோகிகளுக்கென ஆரோக்கிய நிலையம் எழுந்ததும் இவ்வழக்கம் பற்றியே. தூய காற்று, ஊட்டமான உணவு, நீண்ட படுக்கையோய்வு ஆகிய மூன்றையும்விடச் சயரோகத்துக்கு வேறு மருந்தில்லையென எண்ணப்பட்ட காலத்தில் அது பொருத்தமாகவே தோன்றியது. ஆயின், உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவன் ஓராண்டு கட்டிலிற் கிடப்பின் அவன் மனையில் அடுப்பெரிவது எங்ஙனம்? கட்டில்களோ சில, நோயாளரோ மிகப் பலர்.

சயரோகக் கிருமியை 1882இல் றொபேட் கொக் கண்டறிந்தார். அதனைக் கொல்லவல்ல ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்தை ஆராய்ந்த பிரித்தானிய அறிஞர், 1948இல் தம் முடிபை வெளியிட்டனர். மருந்து பெறுவார் இன்னார், பெறாதார் இன்னார் என்பதை மருத்துவர் விருப்புக்கு விடாது, எழுந்தமான எண்களைக் கொண்டு வகுத்தமையே அவ்வாராய்ச்சியின் சிறப்பு. புள்ளிவிவர அறிஞர் பிரட்போட் ஹில் வகுத்த முறை அது. ஆறு மாதத்துள் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் பதினால்வரும் இறந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயமற விளங்கிற்று. எனினும் மருந்துக்குப் பணியாத கிருமிகளும் தோன்றின. ஆதலின் இரு மருந்துகளை ஒருங்கே கொடுத்தல் வேண்டுமென்பது புலனாயிற்று.

மருந்து இத்துணை வல்லதாயின் நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்தளித்தால் என்ன? இவ்வினாவுக்கு விடை காணவே 1956இல் சென்னையிற் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இதிற் கைகோத்தன. வலஸ் பொக்ஸ் என்பார் தலைமை தாங்கினார். நகரத்து வறியவருள் 193 நோயாளர் எழுந்தமானமாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்திலும், மற்றையோர் நெருக்கமான தம் இல்லங்களிலும் இருந்து, ஐசோனியாசிட்டும் பாஸும் ஓராண்டு உட்கொண்டனர்.

குணமடைதலை அளந்த முறை கருதத்தக்கது. நோயாளியின் முகத்தெளிவையோ உடற்பருமனையோ நம்பாது, சளியை வளர்த்துக் கிருமி உண்டோ என ஆராய்ந்தனர். எக்ஸ்-கதிர்ப் படங்களை ஒப்புநோக்கினர். வீட்டிலுள்ளோர் மருந்தை உண்மையாகவே உட்கொள்கின்றனரா என்பதை அறிதற்குச் சிறுநீரைச் சோதித்தனர். எதிர்பாராத வேளையிற் சென்று எஞ்சிய மாத்திரைகளையும் எண்ணினர்.

முடிபு 1959இல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் ஆரோக்கிய நிலையத்தாரில் 92 வீதத்தினரும் வீட்டிலிருந்தோரில் 86 வீதத்தினரும் நோய் தணிந்திருந்தனர். முன்னையோர் நல்லுணவும் ஓய்வும் பெற்று உடல் எடை மிகக் கூடியிருந்தும், நோய் தணிதலிற் பெரு வேற்றுமை இல்லை. பின்னும் ஐந்தாண்டு நோக்கியபோது, வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றமையால் உடனுறைந்தோர்க்குத் தொற்று மிகுந்ததாகவும் காணப்படவில்லை. ஏனெனில், தொற்றும் இடர் பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே நேர்ந்துவிடுகின்றது. மருந்து தொடங்கியபின் அது விரைவிற் குறைகின்றது.

எனவே சயரோகியைக் குணப்படுத்துவது கட்டிலன்று, தவறாது உட்கொள்ளும் மருந்தே என்பது தெளிவாயிற்று. ஆயினும் ‘தவறாது’ என்னும் சொல்லிலேதான் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியுள்ளது. உடல் தேறியவுடன் மருந்தை நிறுத்துதல் மனித இயல்பு. அதனாலேயே இந்நிலையத்தார் 1960களில், கிழமைக்கு இருமுறை பிறர் முன்னிலையில் மருந்தருந்தும் முறையை ஆராய்ந்தனர். பின்னாளில் உலகெங்கும் பரவிய நேர்முகக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அஃது அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. அந்நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குகின்றது.

நெடுங்கால நம்பிக்கையொன்று நேர்மையான சோதனைக்கு உட்பட்டபோது, வறியவன் குடிசையும் மருத்துவமனையாகலாம் என்னும் உண்மை வெளிப்பட்டது. மனைவி மக்களைப் பிரியாமலே பிணி தீரும் வழி பலர்க்குத் திறந்தது.