இணைய ஏலத்தில் விற்பவர் பின்வாங்குதல்

இணைய ஏலத்தில் விற்பவர் பின்வாங்குதல் என்பது, இணையத்தளம் ஒன்றில் ஏலத்துக்கு விடப்பட்ட பொருளை ஏலத்தில் எடுத்தவருக்குக் கொடுக்க விற்பவர் மறுப்பதையோ, குறித்த நேரம் முடியும் முன்னரே ஏலத்தை இடையில் நிறுத்திவிடுவதையோ குறிக்கும். பொருள் எதிர்பார்த்ததிலும் மலிவாக ஏலம் போவதும், ஏலத்துக்கு வெளியே வேறொருவர் கூடுதல் விலை தர முன்வருவதும் இதற்குரிய வழக்கமான காரணங்கள். பணம் செலுத்தாதவரை ஏலம் எடுத்தவருக்கு இழப்பு ஏதும் இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் 2001 முதல் வழங்கப்பட்ட சில தீர்ப்புகள் இவ்வெண்ணம் தவறானது எனக் காட்டுகின்றன.

சுத்தியல் இல்லாத ஏலம்

வழமையான ஏலத்தில் ஏலம் கேட்பவர் கூறும் ஒவ்வொரு விலையும் ஒரு முன்மொழிவு ஆகும். ஏலக்காரர் சுத்தியலால் தட்டும்போதே அது ஏற்கப்படுகின்றது. அதற்கு முன்னர் கேட்டவர் தனது கேள்வியைத் திரும்பப் பெறலாம். இங்கிலாந்தில் 1789 ஆம் ஆண்டின் பெயின் எதிர் கேவ் வழக்கில் இவ்விதி உறுதி செய்யப்பட்டது. இந்தியாவின் 1930 ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64 ஆம் பிரிவும் இதையே கூறுகின்றது. குறைந்தபட்ச விலையின்றி விற்பதாக அறிவிக்கப்படாத ஏலங்களில், சுத்தியல் விழும்வரை பொருளை விலக்கிக்கொள்ளும் உரிமை விற்பவருக்கும் பொதுவாக உண்டு.

இணைய ஏலத்தில் சுத்தியலும் இல்லை, அதைத் தட்டும் ஆளும் இல்லை. 1995 ஆம் ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் கலிபோர்னியாவில் தொடங்கிய, பின்னர் ஈபே எனப் பெயர் பெற்ற தளத்தில், ஏலம் முடியும் நேரத்தை ஒரு கடிகாரமே காட்டுகின்றது. ஏலம் கேட்பவர் தாம் தரக்கூடிய உச்ச விலையைப் பதிந்துவிட்டால், பிறர் கேட்கக் கேட்க அவர் சார்பில் கேள்வி தானாகவே உயர்ந்து செல்லும். நேரம் முடியும் கணத்தில் "ஏற்றுக்கொண்டேன்" என்று எவரும் சொல்வதில்லை. அப்படியாயின் ஒப்பந்தம் உருவாவது எப்போது? விற்பவர் பின்வாங்கலாமா என்பது இக்கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

விர்ரவே வானூர்தி வழக்கு

விர்ரவே என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்ட பயிற்சி வானூர்தி. கட்டப்பட்டவை 755 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஈபே தளத்தில் ஏலத்துக்கு வந்தது. விற்பவர் குறித்திருந்த குறைந்தபட்ச விலையான 150,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஒருவர் கேட்டார். ஏலம் அவருக்கே முடிந்தது. ஆனால், அதைவிட 100,000 டாலர் கூடுதலாகத் தர முன்வந்த வேறொருவருக்கு விற்க விற்பவர் ஏற்கனவே இணங்கியிருந்தார். வானூர்தியைத் தர அவர் மறுத்தார்.

ஸ்மைத் எதிர் தாமஸ் என அறியப்படும் இவ்வழக்கில், நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 3 ஆம் நாள் தீர்ப்பளித்தது. தளத்தின் விதிகள் தமக்கும் தளத்துக்கும் இடையிலானவை மட்டுமே என்பது விற்பவரின் வாதம். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இருவரும் அதே விதிகளுக்கு உடன்பட்டே தளத்தினுள் வந்துள்ளனர், ஆகவே குறைந்தபட்ச விலையை எட்டிய உச்சக் கேள்வியுடன் நேரம் முடிந்தபோது பிணைக்கும் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று அது முடிவு செய்தது. அத்துடன், இழப்பீட்டுடன் நிறுத்தாமல் வானூர்தியையே ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. கடையில் இன்னொன்று வாங்கக்கூடிய பொருளாக இருந்தால் பணம் போதுமானது. அரிய பொருளுக்கு அது ஈடாகாது என்பதே இதன் அடிப்படை.

ஜெர்மன் தீர்ப்புகள்

இப்பொருளில் மிக விரிவான தீர்ப்புத் தொடர் ஜெர்மனியில் உள்ளது. 10 மார்க்கில் ஏலத்துக்கு விடப்பட்ட புதிய பசாட் மகிழுந்து ஒன்று 26,350 மார்க்குக்கு ஏலம் போயிற்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 57,000 மார்க். விலை போதாது என்று விற்பவர் மறுத்தார். கார்ல்சுரூ நகரிலுள்ள நடுவண் நீதிமன்றம் 2001 நவம்பர் 7 ஆம் நாள், பொருளை ஏலத்தில் இடும்போதே விற்பவர் தம்மைப் பிணைத்துக் கொள்கின்றார் எனத் தீர்ப்பளித்தது. சுத்தியல் பற்றிய ஜெர்மன் சட்டப்பிரிவு இங்கே பொருந்தாது என்பதை அதே நீதிமன்றம் 2004 இல் தெளிவாகக் கூறியது.

இன்னொரு பசாட் வழக்கு இன்னும் கடுமையானது. அது 1 யூரோவில் தொடங்கிய ஏலம். குறைந்தபட்ச விலை குறிக்கப்படவில்லை. ஒருவர் 555.55 யூரோவை உச்ச விலையாகப் பதிந்தார். வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் விற்பவர் ஏலத்தை நிறுத்தினார். அப்போது வேறு கேள்விகள் இல்லாததால் 1 யூரோவே நடப்பு விலை. ஏலம் கேட்டவர் 5,250 யூரோ மதிப்புள்ள மகிழுந்தை இழந்ததாகக் கூறி 5,249 யூரோ கேட்டார். 2014 நவம்பர் 12 ஆம் நாள் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. மலிவாகக் கிடைக்கக்கூடும் என்பதே இணைய ஏலத்தின் கவர்ச்சி. குறைந்த தொடக்க விலையைத் தெரிவு செய்தவர் அதற்கான இடரையும் தாமே ஏற்கின்றார்.

விலகுவதற்கு உரிய காரணங்கள்

எல்லாப் பின்வாங்கலும் ஒப்பந்த மீறல் அல்ல. 2011 ஜூன் 8 ஆம் நாள் முடிந்த வழக்கொன்றில், ஏலத்துக்கு விடப்பட்ட ஒளிப்படக் கருவி மறுநாளே திருடு போனதாகக் கூறி விற்பவர் ஏலத்தை நிறுத்தியிருந்தார். அப்போதைய உச்சக் கேள்வி 70 யூரோ. இங்கே இழப்பீடு மறுக்கப்பட்டது. இத்தகைய சூழலில் ஏலத்தை நிறுத்தலாம் எனத் தள விதிகள் கூறியதால், கேள்வி கேட்ட அனைவரும் விற்பவரின் முன்மொழிவை அந்த வரம்புடனேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது காரணம். விலையைத் தட்டச்சில் பிழையாக இட்டவரும் பிழையைக் கண்டவுடன் காலம் தாழ்த்தாது அறிவித்தால் ஜெர்மன் சட்டப்படி விலகலாம்.

ஆனால், ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காரணமின்றியும் நிறுத்தலாம் என்ற வாதம் 2014 டிசம்பர் 10 ஆம் நாள் தள்ளப்பட்டது. பொத்தான் ஒன்றை அழுத்தத் தளம் இடமளிக்கின்றது என்பதால் மட்டும் சட்ட உரிமை வந்துவிடாது. மின்னாக்கி ஒன்றை ஏலத்தில் இருந்து எடுத்த அவ்வழக்கின் விற்பவருக்கு எதிராக 8,499 யூரோ இழப்பீடு நிலைநாட்டப்பட்டது.

விலை ஏறாததைக் கண்டு வேறு கணக்கிலிருந்து தமது பொருளைத் தாமே கேட்டவர்களும் உண்டு. நேரடியாகப் பின்வாங்காமல் விற்காதிருக்கும் வழி இது எனலாம். 2016 ஆகஸ்டு 24 ஆம் நாள் தீர்ப்பின்படி அத்தகைய கேள்விகள் கணக்கில் சேரா. அவ்வழக்கில் வேறு உண்மையான கேள்வி 1 யூரோ மட்டுமே இருந்ததால், கால்ஃப் மகிழுந்து ஒன்று 1.50 யூரோவுக்கு விற்பனையானதாகக் கொள்ளப்பட்டு, 16,500 யூரோ இழப்பீடு உறுதியானது.

மறுபுறம், வாங்கும் எண்ணமே இல்லாமல், நிறுத்தப்படக்கூடிய ஏலங்களைத் தேடி இழப்பீட்டுக்காகவே கேள்வி இடுவோர் "நிறுத்த வேட்டையர்" எனப்படுகின்றனர். இவர்களின் கோரிக்கை உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகலாம். ஆனால் அதற்குப் பொதுவான அளவுகோல் வகுக்க இயலாது, ஒவ்வொரு வழக்கின் முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என நடுவண் நீதிமன்றம் 2019 மே மாதத்தில் கூறியது.

ஏலம் எடுத்தவர் செய்யக்கூடியவை

தளங்களின் வாங்குவோர் பாதுகாப்புத் திட்டம் பொதுவாகச் செலுத்திய பணத்தையே மீட்டுத் தரும். பொருளின் சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள வேறுபாடு அதில் அடங்காது. அதைப் பெற விற்பவரிடமே கோர வேண்டும். எனவே ஏலப் பக்கம், கேள்விகளின் பட்டியல், விற்பவர் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை மறையும் முன்னரே படமாகச் சேமிப்பது முதல் வேலை. "பொருள் உடைந்துவிட்டது" என்ற விளக்கம் வந்த சில நாட்களில் அதே பொருள் வேறு விலையில் மீண்டும் தோன்றினால், அந்தப் பக்கமும் சான்றாகும். அடுத்து, பணம் தர ஆயத்தமாக இருப்பதைக் கூறி, பொருளை ஒப்படைக்க ஒரு நாளைக் குறித்து எழுத்தில் கேட்க வேண்டும். ஜெர்மன் சட்டத்தில் விற்பவர் உறுதியாக மறுத்திருந்தாலன்றி இத்தவணை இல்லாமல் பொருளுக்கு ஈடான இழப்பீடு கோர இயலாது. சந்தை விலையை மெய்ப்பிக்கும் பொறுப்பும் கேட்பவருடையது. சிறு தொகைக்கு இத்தனை உழைப்பு தகாது என்பதால் பெரும்பாலோர் எதிர்மறைப் பின்னூட்டத்துடன் நின்றுவிடுகின்றனர்.

அப்பின்னூட்டமும் தொடக்கத்தில் எளிதாக இருக்கவில்லை. 1996 இல் ஈபே அறிமுகப்படுத்திய முறையில் இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிப்பிடலாம். பின்வாங்கிய விற்பவரைக் குறைகூறினால் அவரும் பழிக்குப் பழியாக எழுதுவார் என்று பலர் அஞ்சினர். 2008 ஆம் ஆண்டு மே மாதம் முதல், வாங்குவோருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் இட விற்போருக்கு இருந்த வசதியை ஈபே நீக்கியது.