வலி தீர்க்கும் மாத்திரையும் வயிற்றின் காவலும்

பூஜை அலமாரிக்கு அடுத்தபடியாக, நம் வீடுகள் பெரும்பாலானவற்றில் தவறாமல் இடம்பெற்றிருப்பது மருந்து டப்பா. பழைய பிஸ்கட் டப்பாவாகவோ சிறு பிளாஸ்டிக் கூடையாகவோ இருக்கும் அதனுள் தைலம், இருமல் மருந்து, காய்ச்சல்மானி இவற்றோடு, கத்தரியால் வெட்டிக் கொடுக்கப்பட்ட மாத்திரை அட்டைத் துண்டுகள் சிலவும் கிடக்கும். மருந்தின் பெயர் அச்சிடப்பட்ட பகுதி மருந்துக்கடையிலேயே தங்கிப்போயிருக்கும். ‘மஞ்சள் மாத்திரை மூட்டுவலிக்கு, வெள்ளை மாத்திரை தலைவலிக்கு’ என்று நிறத்தைக் கொண்டே அடையாளம் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

கிரிவலம் முடித்த மறுநாள், மலைப்படி ஏறி இறங்கிய மறுநாள், கல்யாண வீட்டில் இரண்டு நாள் நின்று உழைத்த மறுநாள் அந்த டப்பா திறக்கப்படும். ஒரு மாத்திரை, சிறிது நேரத்தில் வலி அடங்கிவிடும். அடுத்த நாளும் ஒன்று. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். மருத்துவர் ஐந்து நாட்களுக்கென்று எழுதிக் கொடுத்த சீட்டு, ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் வீடுகளும் உண்டு.

முழங்காலுக்கு வரவு வைக்கப்படும் இந்தச் சுகம், உடலின் வேறொரு கணக்கில் பற்றாக எழுதப்படுகிறது. அந்தக் கணக்கு இரைப்பையினுடையது. கணக்கு எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால், பெரும் துன்பம் ஒன்றை முன்கூட்டியே தவிர்க்கலாம்.

தன்னைத் தானே செரித்துக்கொள்ளாத உறுப்பு

இரைப்பை சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலோகத்தையே அரிக்கும் தன்மையுடைய அமிலம் அது. உண்ட உணவைக் கரைக்கும் அந்த அமிலம், மென்மையான தசையால் ஆன இரைப்பையை மட்டும் ஏன் கரைத்துவிடுவதில்லை?

காரணம், அதற்கு மூன்று அடுக்குக் காவல் இருக்கிறது. முதலாவது, உட்சுவர் முழுவதும் பூசியதுபோல் படர்ந்திருக்கும் வழவழப்பான கோழைப் படலம். அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் என்னும் காரப்பொருள் அதனுள் நிறைந்திருக்கும். இரண்டாவது, அதன் அடியில் உள்ள செல்கள். இவை சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பதால், சிறு சிராய்ப்புகள் தாமாகவே ஆறிவிடும். மூன்றாவது, உட்சுவருக்கு இடைவிடாமல் வந்துசேரும் இரத்த ஓட்டம். ஊடுருவிய அமிலத்தை அது அகற்றிவிடும்.

இம்மூன்று காவலையும் ஏவி நடத்துவது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். இதே பொருள்தான், மூட்டில் அடிபட்டாலோ தேய்மானம் ஏற்பட்டாலோ அவ்விடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறது. காய்ச்சலில் உடல் கொதிக்கவும் காரணமாகிறது. ஓரிடத்தில் வலி தருவதும் மற்றோரிடத்தில் காவல் காப்பதும் ஒரே இனப் பொருளாக இருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வயிற்றுக்கு இதமாகப் பிறந்த மருந்து

வலி மாத்திரையின் வரலாறு மரப்பட்டையில் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்னும் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையை உலர்த்திப் பொடித்து, முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பயன் கண்டதை 1763-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். பின்னாளில் அந்தப் பட்டையின் வழியே அறியப்பட்டதுதான் சாலிசிலிக் அமிலம். வலியையும் காய்ச்சலையும் அது தணித்தது. ஆனால் வயிற்றைப் புரட்டியது. உடலுக்குச் சற்று இதமான வடிவத்தைத் தேடிய முயற்சியில், ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-இல் அதன் மாற்று வடிவத்தைத் தூய நிலையில் தயாரித்தார். 1899-இல் அது ‘அஸ்பிரின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இதமானது என்ற நம்பிக்கை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்தது. 1938-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர்களான டவுத்வெயிட், லின்டாட் இருவரும், அஸ்பிரின் உட்கொண்டவர்களின் இரைப்பைக்குள் குழாய் செலுத்தி நேரில் பார்த்தனர். உட்சுவர் சிவந்து புண்பட்டிருந்தது. மருந்து வயிற்றைத் தாக்குகிறது என்பது கண்கூடாயிற்று. எவ்வாறு என்பது மட்டும் விளங்கவில்லை.

அந்த விடையை 1971-இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். உடலில் புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதியை அஸ்பிரின் முடக்கிவிடுகிறது என்று அவர் நிறுவினார். இதற்காக 1982-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், இத்துறையில் உழைத்த சுவீடன் நாட்டு அறிஞர்கள் சுனே பெர்க்ஸ்ட்ராம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், நிமசுலைட், மாதவிலக்கு வலிக்குப் பெண்கள் எடுத்துக்கொள்ளும் மெஃபனாமிக் அமிலம் ஆகியவையும் இதே வழியில் வேலை செய்பவையே. முழங்காலின் வலியைத் தணிக்கப் போகும் மாத்திரை, போகிற போக்கில் இரைப்பையின் காவலர்களையும் அனுப்பிவிடுகிறது. கோழை மெலிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, அமிலம் மட்டும் எப்போதும்போல் சுரக்கிறது.

பரவலாக உள்ள தவறான எண்ணங்கள்

‘சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது’ என்பது முதலாவது. உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் எரிச்சலும் குமட்டலும் குறையலாம். புண் உண்டாகும் அபாயம் நீங்குவதில்லை. ஏனெனில் முக்கியமான தீங்கு, மாத்திரை இரைப்பையைத் தொடுவதால் நேர்வதன்று. இரத்தத்தில் கலந்தபின், உடலெங்கும் உள்ள புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பதால் நேர்வது. குடலில் சென்று கரையும்படி மேற்பூச்சு இட்ட மாத்திரைக்கும் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வலிமருந்துக்கும் இது பொருந்தும். தோலின் மேல் தடவும் களிம்பு மட்டும் இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் வயிற்றுக்குப் பெரிதும் பாதுகாப்பானது.

‘அல்சர் என்பது காரம் தின்பதாலும் கவலைப்படுவதாலும் வருவது’ என்பது இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்னும் நுண்கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று கண்டறிந்தனர். எவரும் நம்பாத நிலையில், 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தி, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கிருமியும் வலி மாத்திரையுமே இன்று இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்கு இரு பெரும் காரணங்கள். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும்.

‘புண் இருந்தால் வலித்துத்தானே ஆகவேண்டும்?’ என்பது மூன்றாவது. மூன்றிலும் ஆபத்தானது இதுவே. வலி மாத்திரையால் உண்டாகும் புண், குறிப்பாக முதியவர்களிடம், வலியே இல்லாமல் வளரக்கூடும். முதல் அறிகுறியே இரத்தக் கசிவாக இருப்பதும் உண்டு. அஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களையும் செயலிழக்கச் செய்வதால், கசியத் தொடங்கிய இரத்தம் எளிதில் உறைவதும் இல்லை.

உடல் காட்டும் எச்சரிக்கைகள்

மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்துடன் வெளியேறினால், அது மேல்வயிற்றில் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பதால், அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். காபித்தூள் கரைந்தது போன்ற வாந்தி, இரத்த வாந்தி, எழுந்து நிற்கும்போது கண் இருண்டு மயக்கம் வருதல், கத்தியால் குத்தியதுபோல் திடீரென்று எழும் கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மெல்ல மெல்லக் கூடும் சோர்வும், படி ஏறுகையில் மூச்சு வாங்குவதும் ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. நாள்பட்ட கசிவால் வந்த இரத்தசோகையாகவும் அவை இருக்கலாம்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், இதயத்துக்காகச் சிறு அளவு அஸ்பிரின் எடுத்துக்கொண்டே மூட்டுவலிக்கு வேறொரு மாத்திரையும் விழுங்குபவர்கள் ஆகியோர் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்துடன் இருக்கவேண்டும். முகவரி இல்லாமல் விற்கப்படும் ‘மூட்டுவலிப் பொடி’களில் ஸ்டீராய்டும் வலிமருந்தும் கலந்திருந்தது சோதனைகளில் பலமுறை வெளிப்பட்டிருப்பதால், அவற்றை அறவே விலக்குவது நல்லது.

விரத நாளில்

ஏகாதசி, கந்த சஷ்டி போன்ற விரத காலங்களிலும் நெடுந்தூரப் பாதயாத்திரையிலும் வலி மாத்திரையைக் கையாளும்போது மற்றொரு எச்சரிக்கையும் தேவை. நீர் அருந்தாமல் உடல் வறண்டிருக்கும் வேளையில், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காத்து நிற்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். அந்நேரத்தில் இம்மாத்திரையை விழுங்கினால், வயிற்றோடு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வயது முதிர்ந்தவர்கள், இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதை மறத்தலாகாது. நீர், பால், பழம், மருந்து இவற்றால் விரதம் குலைவதில்லை என்று தரும நூல்களே சலுகை தந்திருக்கின்றன. உடல் கேட்கும் நீரை மறுத்து, அதன் வலியை மாத்திரையால் மறைக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

செய்யத் தக்கவை

சாதாரணக் காய்ச்சலுக்கும் லேசான வலிக்கும் பாரசிட்டமால் முதல் தேர்வாக இருக்கலாம்; உரிய அளவில் அது இரைப்பையைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. முதியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதனினும் குறைவு. பல மூட்டுவலி மாத்திரைகளில் பாரசிட்டமாலும் கலந்தே வருவதால், தனியே வேறு பாரசிட்டமால் போடுமுன் அட்டையைப் படித்துப் பார்க்கவேண்டும்.

வலி மாத்திரை தவிர்க்க முடியாததானால், மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாட்களுக்கு என்பதே விதி. இருவகை வலி மாத்திரைகளை ஒருசேர எடுக்கலாகாது. நெடுநாள் எடுக்கவேண்டியவர்களுக்கு, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிபிரசோல், பான்டோபிரசோல் போன்ற மருந்து துணையாகத் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவைப்பட்டால் பைலோரி கிருமிக்கான பரிசோதனையும் செய்வார். கிருமி இருந்தால் இரண்டு வாரச் சிகிச்சையில் பெரும்பாலும் அழித்துவிடலாம். எரிச்சலுக்கு அருந்தும் அமிலநீக்கி சிரப் உணர்வை மறைக்குமேயன்றி, புண் வராமல் தடுப்பதில்லை.

வயிற்றைத் தாக்காத வலி மாத்திரை என்று வந்த ரோஃபிகாக்சிப், 1999-இல் அறிமுகமாகி, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவது தெரிந்ததால் 2004-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. முற்றிலும் தீங்கற்ற வலி மாத்திரை இன்னும் வரவில்லை என்பதற்கு அது ஒரு பாடம்.

இதைப் படித்ததும் அச்சத்தால் எவரும் அவசரப்படலாகாது. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த அஸ்பிரினைத் தாமாக நிறுத்துவது மாரடைப்புக்கே வழி வகுக்கலாம். எதை நிறுத்துவதாயினும் அவரைக் கேட்டே நிறுத்தவேண்டும்.

இந்த வாரம் ஒருநாள், வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு அந்த மருந்து டப்பாவைத் திறந்து பார்க்கலாம். பெயர் தெரியாத துண்டுகளையும் காலாவதியானவற்றையும் அகற்றிவிட்டு, எஞ்சியவற்றின் பெயர், எதற்காக, எத்தனை நாளைக்கு என்பதை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். அம்மாவோ அப்பாவோ எத்தனை நாளாக எதை விழுங்கி வருகிறார் என்பது பிள்ளைகளுக்கே பல வேளைகளில் அப்போதுதான் தெரியவரும்.