கோடைக் காய்கறிப் பாத்திகளுக்கு மூடாக்கு

கோடையில் கிணற்று நீர் குறையும்போது காய்கறி பயிரிட்டுள்ள விவசாயிகளுக்குக் கவலை பிறக்கிறது. பாய்ச்சும் நீர் முழுவதும் செடிக்குப் போவதில்லை. ஒரு பகுதி வெயிலாலும் காற்றாலும் மண்ணின் மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடுகிறது. இவ்வீணைக் குறைக்கும் எளிய முறையே மூடாக்கு.

நன்மைகள்

மூடாக்கு இட்ட மண்ணில் வெயில் நேராகப் படுவதில்லை. எனவே ஈரம் அதிக நாள் நிற்கும், வேர்ப்பகுதி சூடேறாது. ஒளி கிடைக்காததால் களை விதைகள் முளைப்பது குறையும். தக்காளியில் ஈரம் ஏறி இறங்கினால் காயின் நுனி கறுத்து அழுகும். மூடாக்கு இதையும் குறைக்கும். உவர் நீர் பாயும் தோட்டங்களில் உப்பு மேலே பூப்பதும் மட்டுப்படும். நாளடைவில் தழை மக்கி மண்ணுக்கு உரமாகும்.

எதை இடலாம்?

வைக்கோல் மாட்டுக்கு வேண்டியது. அதைப் பாத்தியில் போடத் தேவையில்லை. கரும்புச் சோகை, வாழைச் சருகு, சவுக்குச் சருகு, கிளைரிசிடியா தழை, மக்கிய தென்னைநார்க் கழிவு ஆகியவை போதும். வெட்டிய களைகளையும் இடலாம். ஆனால் பூக்குமுன் வெட்டியவையாக இருக்க வேண்டும். நோய் கண்ட தக்காளி, கத்தரிச் செடிகளை இடவே கூடாது.

இடும் முறை

நாற்று நட்டு வேர் பிடித்தபின், சுமார் 15 முதல் 20 நாட்களில் இடுவது நல்லது. முதலில் களை எடுக்கவும். கோரையும் அருகும் மூடாக்கைத் துளைத்து வருமாதலால் அவற்றைக் கிழங்குடன் அகற்ற வேண்டும். பின்னர் நீர் பாய்ச்சி, ஈரம் இருக்கும்போதே 5 முதல் 8 செ.மீ. கனத்திற்குப் பரப்பவும். ஒரு சென்ட், அதாவது சுமார் 40 சதுர மீட்டர் பாத்திக்கு 7.5 செ.மீ. கனமிட 3 கன மீட்டர் தழை வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடைவெளி விடவும். ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும். சோகை, சருகு போன்றவற்றைப் பச்சையாக மண்ணில் கொத்திவிடக் கூடாது. அவை மக்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளுக்கும். மேலுரத்தைத் தழையின்மேல் தூவாமல், தழையை ஒதுக்கி மண்ணில் இட்டு மூடவும். கறையான் உள்ள நிலத்தில் காய்ந்த சருகைவிட மக்கிய கழிவே ஏற்றது. வடிகால் இல்லாத களிமண்ணில் மழைக்காலத்தில் மூடாக்கை விலக்கிவிடவும்.

பாலித்தீன் தாளும் ஈரத்தைக் காக்கும். ஆனால் அது மக்காது. அறுவடை முடிந்ததும் துண்டு விடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும்.

முக்கியமாக, மூடாக்கு இட்டபின் வழக்கமான நாள் கணக்கில் நீர் பாய்ச்ச வேண்டாம். தழையை விலக்கி, ஒரு விரல் ஆழம் மண்ணைத் தோண்டி உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் நீர் தேவையில்லை, உதிர்ந்தால் பாய்ச்சுங்கள். இக்கோடையில் இரண்டு பாத்திகளில் மட்டும் இட்டு, இடாத பாத்திகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மிச்சமாகும் தண்ணீர் எவ்வளவு என்பது உங்களுக்கே விளங்கும்.