பரணில் தூங்கும் அரசு லேப்டாப்... லினக்ஸ் போட்டு எழுப்பலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள், வெள்ளை வெளேரென உப்புக் குவியல்கள். வெயில் அடித்தால்தான் இங்கே வேலை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் மழைநீர்தான் நிற்கும். அடுத்த சீசன் வரை உப்பளத் தொழிலாளர் வீடுகளில் கையைக் கடிக்கும் மாதங்கள். அந்த நேரம் பார்த்து காலேஜ் போகும் பிள்ளை, ‘ஒரு லேப்டாப் வேணும்பா’ என்று கேட்டால்?

கடைக்குப் போவதற்கு முன் பரணைப் பார்த்துவிடலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கியது அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். ‘அது ஸ்லோ, ஒண்ணுத்துக்கும் ஆகாது’ என்று ஒதுக்கியிருப்பார்கள். பல நேரங்களில் பழுது மெஷினில் இல்லை, அதற்குள் ஓடும் விண்டோஸுக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், பழைய மெஷின்கள் பலவற்றை அது ஏற்காது.

இங்கேதான் லினக்ஸ் வருகிறது. பயப்பட வேண்டாம், கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான்! 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில் எழுதத் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

உபுண்டு, மின்ட், டெபியன் என்று ஏகப்பட்ட பெயர்கள் காதில் விழும். புதிதாக வருபவர்கள் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். உப்பளத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நீர் ஒன்றுதான், பாத்தி கட்டிய விதம்தான் வேறு. உள்ளே எல்லாவற்றுக்கும் கெர்னல் ஒன்று, மேலே திரையும் மென்பொருள்களும் மாறும். 4 ஜிபி ரேம் இருந்தால் ‘லினக்ஸ் மின்ட்’டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். 2 ஜிபிதான் என்றால் ‘லுபுண்டு’.

நம் ஊர் லினக்ஸும் உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘பாஸ்’ அது. தமிழக அரசு கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் இதுவும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எதைத் திறக்கலாம் என்று ஒரு பட்டியல் கேட்குமே, அதேதான். பையில் வந்து இறங்கியதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடமே லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் நாளே விண்டோஸை அழிக்கத் தேவையில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, ‘ரூஃபஸ்’ என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். பிறகு அதைப் பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் ஆகும்போதே எஃப்12 அல்லது எஸ்கேப் கீயை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திரை வந்துவிடும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும்.

அந்த நிலையிலேயே வைஃபை, சத்தம், கேமரா, கீபோர்டு எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றால் யுஎஸ்பி துளை துருப்பிடித்திருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும். எல்லாம் ஓடினால் போட்டோ, சான்றிதழ் ஸ்கேன்களை வேறிடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால். ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தெரியாமல் அழுத்தி, குடும்ப போட்டோக்களைத் தொலைத்தவர்கள் நிறையவே உண்டு.

முதல் வாரம் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். விண்டோஸின் இஎக்ஸ்இ ஃபைல்கள் நேரடியாக ஓடாது. போனில் பிளே ஸ்டோர் போல, இங்கே ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ வழியாகத்தான் மென்பொருளை எடுக்க வேண்டும். டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது சில பதிப்புகளில் ஓர் எழுத்தும் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. ஆனால் டேலி, போட்டோஷாப் கற்பவர்கள் விண்டோஸை முழுவதும் கைவிட முடியாது. அவர்கள் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்வதே நல்லது.

சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆள் இதே மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ‘விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு’ என்ற தன்னார்வலர் அமைப்பு, கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பயிற்சி கொடுக்கிறது. போனிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு, 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் தமிழில் இலவசக் கட்டுரைகளையும் மின்னூல்களையும் தருகிறது.

உதவி கேட்கும்போது, ‘லேப்டாப் வேலை செய்யலை’ என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும், திரையில் வந்த பிழைச் செய்தியையும் போனில் படம் பிடித்து அனுப்புங்கள்.